சி.ஜி.டி. உள்ள பிள்ளைக்குத் தினசரி மருந்து கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சி.ஜி.டி. (க்ரோனிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ் என்ற பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடு) என்று டாக்டர் சொல்லி அனுப்பிய முதல் நாள், கையில் ஒரு சிரப் பாட்டிலும் ஒரு கேப்சூல் அட்டையும் இருக்கும். ஒன்று கோட்ரைமாக்சசோல், இன்னொன்று இட்ராகோனசோல். இரண்டும் பெரும்பாலான மருந்துக்கடைகளில் கிடைப்பவை. அதனாலேயே பலர் இவற்றைச் சளி மருந்துபோல எண்ணிவிடுகிறார்கள்.

என் மகனுக்கு 9 வருடமாகக் கொடுத்து வருகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் புதிய பெற்றோருடன் பேசும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன்: எல்லோரும் ஏறக்குறைய அதே நாலைந்து இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன். இந்த மருந்துகளைத் தவறாகக் கொடுத்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளை ஓடி விளையாடும், பள்ளிக்கூடம் போகும். பல மாதம் கழித்து நுரையீரலில் பூஞ்சையாகவோ கல்லீரலில் சீழ்க்கட்டியாகவோ அது தெரியவரும். ஆகவே படிகளை வரிசைப்படி, காரணத்தோடு எழுதுகிறேன்.

காரணம் புரிய நோயைப் பற்றி இவ்வளவு போதும். நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கி, ஒருவித ஆக்சிஜன் ரசாயனத்தை உண்டாக்கி அதைக் கொல்லும். சி.ஜி.டி. உள்ளவர்களின் அணுக்கள் விழுங்கும், ஆனால் மரபணுக் கோளாறால் அந்த ரசாயனத்தை உண்டாக்க முடியாது. கிருமி உள்ளேயே உயிரோடு இருக்கும். கோட்ரைமாக்சசோல் அணுவுக்குள்ளேயே ஊடுருவிப் பாக்டீரியாவைத் தடுக்கும். இட்ராகோனசோல் பூஞ்சையைத் தடுக்கும். அணுவால் முடியாத வேலையை மருந்து செய்கிறது. மருந்து நின்ற நாளில் அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை.

அளவை முடிவு செய்வது உங்கள் டாக்டர்தான். இங்கே வரும் எண்கள் சீட்டைச் சரிபார்க்க மட்டுமே.

1. முதல் வேளைக்கு முன்

மருந்தைத் தொடங்கும் முன் மூன்று பரிசோதனை முடிவுகள் கையில் இருக்க வேண்டும்: முழு ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல் பரிசோதனை, ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி). பின்னால் ஏதாவது மாறினால், மருந்தால் மாறியதா முன்பே அப்படித்தான் இருந்ததா என்று பார்க்க முதலிரண்டும் வேண்டும். ஜி6பிடி குறைவாக உள்ளவர்களுக்குச் சல்ஃபா மருந்து சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். கோட்ரைமாக்சசோலில் பெரும்பங்கு சல்ஃபாதான்.

சல்ஃபா ஒவ்வாமை வீட்டில் யாருக்காவது உண்டா, பிள்ளைக்கு முன்பு எந்த மருந்திலாவது தடிப்பு வந்ததா என்று யோசித்து வையுங்கள். டாக்டர் கேட்கும்போது பாட்டிக்குப் போன் போடுவதைவிட இது நல்லது.

அப்புறம், இப்போது கொடுத்துக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். சத்து டானிக், ஆஸ்துமா இன்ஹேலர், கஷாயம், லேகியம் எல்லாம் அதில் வர வேண்டும். "அதெல்லாம் மருந்தா" என்று விட்டுவிடுவது பெரிய தவறு. 8-ஆம் படியில் காரணம் தெரியும்.

2. சீட்டை மில்லிகிராமில் படியுங்கள்

கோட்ரைமாக்சசோல் இரண்டு மருந்துகளின் கலவை: 1 பங்கு டிரைமெத்தோபிரிம், 5 பங்கு சல்ஃபமெத்தாக்சசோல். டாக்டர்கள் அளவைச் சொல்வது டிரைமெத்தோபிரிமை வைத்து. சி.ஜி.டி.க்கு வழக்கமான கணக்கு, நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மி.கி. டிரைமெத்தோபிரிம்.

16 கிலோ பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 80 மி.கி. வழக்கமான குழந்தைகள் சிரப்பில் 5 மி.லி.க்கு 40 மி.கி. டிரைமெத்தோபிரிம் இருக்கும். ஆக நாளைக்கு 10 மி.லி. அதையே மாத்திரையாகக் கொடுத்தால் 80/400 மாத்திரை (80 மி.கி. டிரைமெத்தோபிரிம், 400 மி.கி. சல்ஃபமெத்தாக்சசோல்) ஒன்று. டி.எஸ். என்று எழுதிய மாத்திரை 160/800, அதாவது இரண்டு மடங்கு. குழந்தைகளுக்கென்று 20/100 மாத்திரையும் உண்டு.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், சில இடங்களில் 80-ஐயும் 400-ஐயும் கூட்டி 480 என்று எழுதுகிறார்கள். 480-ஐப் பார்த்து "இவ்வளவா" என்று பயந்து பாதியாகக் கொடுத்த ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். சீட்டில் எழுதியிருப்பது கூட்டுத்தொகையா, டிரைமெத்தோபிரிம் மட்டுமா என்று டாக்டரிடமே கேட்டு, மி.லி.யையும் பக்கத்தில் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. இதே மருந்தை வேறு நோய்களுக்கு வாரம் 3 நாள் மட்டும் கொடுப்பார்கள். அதைத் தெரிந்த ஒருவர் "தினமும் வேண்டாமே" என்று நல்லெண்ணத்தில் சொல்லக்கூடும். அது வேறொரு கிருமியைத் தடுக்கும் கணக்கு. சி.ஜி.டி.க்குத் தினமும் கொடுக்க வேண்டும்.

3. கடையில் வாங்கும்போது

கோட்ரைமாக்சசோலில் கம்பெனி மாறினாலும் மில்லிகிராம் ஒன்றாக இருந்தால் போதும். இட்ராகோனசோலில் அது போதாது. இந்தக் கேப்சூலுக்குள் கடுகைவிடச் சிறிய உருண்டைகள் இருக்கும். அவை எப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்து உடம்பில் சேரும் அளவு மாறும். ஒரு பிராண்டில் ரத்த அளவு சரியாக வந்துவிட்டால் அதையே தொடருங்கள். கடைக்காரர் "அதே மருந்துதான், கம்பெனிதான் வேற" என்றால், ஒரு நாள் காத்திருந்தாவது பழையதையே வரவழையுங்கள்.

சூபா என்ற புது வகையும் இருக்கிறது. அது அதிகமாக உடம்பில் சேரும்படி செய்யப்பட்டது. அதில் 65 மி.கி. சாதாரணக் கேப்சூலின் 100 மி.கி.க்குச் சமமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்கக் கூடாது. அட்டையில் 100, 200 என்றில்லாமல் 65, 130 என்று இருந்தால், வாங்கும் முன் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

இரண்டு வார மருந்து எப்போதும் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். தீபாவளி, பொங்கல், மழை, பந்த் எது வந்தாலும் வேளை தவறாது. புது பாட்டிலைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வைத்தால் எக்ஸ்பைரி பிரச்சினையும் இல்லை. அடுப்பு மேல் அலமாரியும் வெயில் படும் ஜன்னலும் வேண்டாம்.

4. நேரத்தைச் சாப்பாட்டோடு கட்டுங்கள்

கடிகாரத்தைவிடச் சாப்பாடுதான் நல்ல நினைவூட்டல். அதைவிட முக்கியமாக, இட்ராகோனசோல் கேப்சூல் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போனால்தான் சரியாகச் சேரும். சாப்பாட்டின்போது சுரக்கும் அமிலம்தான் அதைக் கரைக்கிறது.

நம் வீடுகளில் பெரிய சாப்பாடு மதியம். ஆனால் பிள்ளை அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பான். காலையில் ஒரு இட்லியை வாயில் வைத்துக்கொண்டே வேனுக்கு ஓடுவான். எங்கள் வீட்டில் பல நேரம் மாற்றிப் பார்த்து, கடைசியில் இரவுச் சாப்பாட்டில் நிலைத்தது. அதற்காக இரவுச் சாப்பாட்டைக் கொஞ்சம் கனமாக்கினோம். ஒரு டம்ளர் பாலோடு தூங்கிவிடும் பிள்ளைக்கு இரவு நேரம் ஒத்துவராது.

திரவ இட்ராகோனசோல் இதற்கு நேர் எதிர். அது வெறும் வயிற்றில்தான் நன்றாகச் சேரும். கேப்சூலிலிருந்து திரவத்துக்கோ திரவத்திலிருந்து கேப்சூலுக்கோ மாறினால் நேரத்தையும் மாற்ற வேண்டும். இதை யாரும் சொல்லாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

5. கோட்ரைமாக்சசோல் கொடுக்கும் முறை

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். இந்த மருந்து அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் வாரம் நீர்த்ததும் கடைசி வாரம் கெட்டியானதும் போகும்.

ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. ஒரு டம்ளர் சாற்றில் கலக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. பாதியில் வேண்டாமென்றால் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது.

அன்று முழுக்கத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சல்ஃபா சிறுநீரில் படிகமாகக்கூடும், நம் வெயிலில் இன்னும் எளிதாக. பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் பிடிக்காமல் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் நிறைய, அதனால் வகுப்பு ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். வெயிலில் தோல் சீக்கிரம் சிவக்கலாம், தொப்பி போட்டு அனுப்புங்கள்.

முதல் சில வாரம் தினமும் குளிப்பாட்டும்போது தோலைப் பாருங்கள். லேசான தடிப்பு என்றால் அடுத்த வேளைக்கு முன் டாக்டரிடம் பேசுங்கள். காய்ச்சலோடு தோல் கொப்பளித்து உரிந்தாலோ, வாய்ப்புண் வந்தாலோ, கண் சிவந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். முகம் வெளுத்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலும் அப்படித்தான்.

6. இட்ராகோனசோல் கொடுக்கும் முறை

சாப்பிட்டு எழுந்ததும், கை கழுவின கையோடு கொடுங்கள். "டிவி பார்த்துவிட்டு" என்று தள்ளிப்போட்டால் தூங்கிவிடுவான். கேப்சூலை முழுசாக விழுங்க வேண்டும். உருண்டைகளை அரைத்துக் கொடுக்கக் கூடாது. விழுங்கத் தெரியாத பிள்ளைக்குத் திரவம் கிடைக்குமா என்று கேளுங்கள். விழுங்கப் பழக்க முதலில் ஒரு சோற்றுப் பருக்கை, பிறகு ஒரு பச்சைப் பட்டாணி, பிறகு கேப்சூல் என்று போனோம். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

இந்த மருந்தைப் பற்றி 2003-இல் ஓர் ஆய்வு வெளியானது. 39 பேர், ஒரு வருடம் இட்ராகோனசோல், அடுத்த வருடம் வெற்று மருந்து என்று மாற்றி மாற்றி எடுத்தார்கள். வெற்று மருந்தின்போது 7 பேருக்குக் கடுமையான பூஞ்சைத் தொற்று வந்தது. இட்ராகோனசோலின்போது ஒரே ஒருவருக்கு. அந்த ஒருவர் மருந்தை ஒழுங்காக எடுக்காதவர். என் மகன் "இன்னைக்கு ஒருநாள் வேண்டாமே" என்று கெஞ்சும் இரவுகளில் எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஒருவர்தான்.

கண் மஞ்சளாவது, பசி அறவே போவது, சிறுநீர் அடர்த்தியாவது கல்லீரல் அறிகுறிகள். கால் வீக்கமும் மூச்சிரைப்பும் இதயத்தைப் பற்றியவை. எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

7. வேளை தவறினால், வாந்தி எடுத்தால்

தவறியது நினைவுக்கு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். கேப்சூல் என்றால், நினைவு வந்த நேரத்தில் சாப்பாடும் வேண்டும்.

வாந்திக்கு எத்தனை நிமிடத்துக்குள் என்றால் திரும்பக் கொடுக்கலாம் என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு, மருந்துப் பெட்டி மூடியில் எழுதி ஒட்டுங்கள். இரவு பத்து மணிக்கு வாந்தியைத் துடைத்துக்கொண்டு யோசிக்க முடியாது.

கொடுத்தது அம்மாவா அப்பாவா என்ற குழப்பத்தில்தான் வேளைகள் அதிகம் தவறுகின்றன. இரண்டு வேளை கொடுத்துவிடுவதும் அதே குழப்பத்தில்தான். காலண்டரில் ஒரு டிக் போதும். கொடுத்தவரே, கொடுத்த உடனே போட வேண்டும்.

8. வேறு எந்த மருந்தும் வீட்டுக்குள் வரும் முன்

இந்தப் படியைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். எங்களுக்கு இங்கேதான் அடி விழுந்தது.

என் மகனுக்கு 4 வயதில் வயிற்று வலி. பக்கத்து கிளினிக்கில் கேஸ் மாத்திரை எழுதினார்கள். வலி நின்றது, "நல்லா கேட்குதே" என்று நாங்கள் பல மாதம் தொடர்ந்தோம். பிறகு இட்ராகோனசோலின் ரத்த அளவு பார்த்தபோது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை, ஆனால் ஒன்றும் உள்ளே போகவில்லை. பான்டோப்ரசோல், ஒமேப்ரசோல், ரானிடிடின், ஃபாமோடிடின் எல்லாம் வயிற்று அமிலத்தைக் குறைப்பவை. அமிலம் இல்லாமல் கேப்சூல் கரையாது.

நம் ஊரில் எந்த ஆன்டிபயாடிக் எழுதினாலும் கூடவே ஒரு கேஸ் மாத்திரை எழுதுவது பழக்கமாகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு சீட்டிலும் அதைத் தேடுங்கள். ஜெல் வகை ஆன்டாசிட் தவிர்க்க முடியாதென்றால் இட்ராகோனசோல் கொடுத்து 2 மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம். கேஸ் மாத்திரை உண்மையிலேயே தேவைப்படும் பிள்ளைக்கு, கேப்சூலைக் கோலா போன்ற அமில பானத்தோடு கொடுப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்று டாக்டர் முடிவு செய்வார்.

வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன் அதைவிட ஆபத்து. இட்ராகோனசோல் கல்லீரலில் பல மருந்துகள் உடைவதைத் தடுக்கும், அதனால் அவை ரத்தத்தில் ஏறிவிடும். டோம்பெரிடோன் ஏறினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். பான்டோப்ரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல் நம் கடைகளில் சீட்டில்லாமலே கைக்கு வருகிறது. அது இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வகையில் தவறு.

ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ள புடிசோனைடு, ஃபுளுட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டுகளும் அப்படியே ஏறும். முகம் உருண்டு, உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு குறைந்துபோகலாம். இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபைன், டி.பி.க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை எதிர்த்திசையில் வேலை செய்யும்: இட்ராகோனசோலை வேகமாக உடைத்துத் தீர்த்துவிடும். நம் நாட்டில் சி.ஜி.டி. பிள்ளைகளுக்கு டி.பி. சிகிச்சை தேவைப்படுவது அபூர்வமல்ல. டி.பி. மருந்து ஒரு இடத்தில், சி.ஜி.டி. மருந்து இன்னொரு இடத்தில் வாங்கும் வீடுகளில் இரண்டு டாக்டருக்கும் மற்றவர் எழுதியது தெரிவதில்லை. ரிஃபாம்பிசின் தொடங்கும் முன்பே பூஞ்சைக்கு எதிரான ஏற்பாட்டைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

9. காய்ச்சல் வந்தால்

வழக்கமான மருந்தை நிறுத்தாதீர்கள், நீங்களாக அளவைக் கூட்டவும் செய்யாதீர்கள். இது தடுப்பு அளவு, வந்துவிட்ட தொற்றுக்குச் சிகிச்சை அல்ல. பாராசிட்டமால் கொடுத்து மூன்று நாள் பார்க்கலாம் என்ற பொது அறிவுரை இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அன்றைக்கே காட்டுங்கள்.

காய்ச்சலே இல்லாமலும் தொற்று வளரும். கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டுவது, எடை குறைவது, சோர்ந்து படுப்பது, ஆசனவாயைச் சுற்றிக் கட்டி, விடாத இருமல் இவற்றையும் தொற்றின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்கச் சொல்வார்கள்.

பையில் ஒரு தாள் எப்போதும் இருக்கட்டும். நோயின் முழுப் பெயர், டி.எச்.ஆர். பரிசோதனை (சி.ஜி.டி.யைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை) முடிவு, எடை, இரண்டு மருந்தின் மில்லிகிராம், ஜி6பிடி முடிவு, கொடுக்கக் கூடாத மருந்துகள், சிறப்பு டாக்டரின் எண். இரவுப் பணியில் இருக்கும் டாக்டர் இந்த நோயை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. தாளைப் படித்ததும் அவர் பேச்சு மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

10. மருந்து காக்காத இடங்கள்

வைக்கோல் போர், எருக்குழி, காய்ந்த இலைக்குவியல், மாட்டுக் கொட்டகை, இடிக்கும் பழைய சுவர் இவற்றில் கிளம்பும் பூஞ்சைத் தூளை ஒரே தடவை நிறைய மூச்சில் இழுத்தால், மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலும் நுரையீரல் மோசமாகலாம். மாட்டுப்பொங்கலுக்குத் தாத்தா வீட்டுக்குப் போங்கள், கொட்டகையை மட்டும் தூரத்திலிருந்து பார்க்கட்டும். குளம், ஏரி, சேற்றுத் தண்ணீரும் வேண்டாம். வெப்ப நாட்டு மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் குரோமோபாக்டீரியம் என்ற கிருமி இவர்களுக்கு மிக ஆபத்தானது.

தடுப்பூசியில் பி.சி.ஜி.யும் வாய்வழி டைஃபாய்டு தடுப்பு மருந்தும் கூடாது. இரண்டிலும் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. மற்றவற்றை டாக்டர் சொல்லும்படி போடலாம். வீட்டில் அடுத்த குழந்தை பிறக்கப்போகிறதென்றால் பிரசவத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சொல்லி, பரிசோதனை முடிவு வரும்வரை பி.சி.ஜி.யைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். பிறந்தவுடன் போடும் ஊசி என்பதால், சொல்லாவிட்டால் போட்டுவிடுவார்கள்.

11. எடையும் ரத்தமும்

ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரி போகும்போதும் எடை பார்த்து, அளவை மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். 16 கிலோவுக்கு 10 மி.லி. என்றால் 20 கிலோவுக்கு 12.5 மி.லி. பிள்ளை வளர்ந்துகொண்டே போக, பழைய சீட்டையே காட்டிக் கடையில் வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

ரத்த அணுக்களையும் கல்லீரலையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் பாருங்கள். இட்ராகோனசோல் ரத்த அளவு தொடங்கிச் சுமார் 2 வாரம் ஆனபின்தான் நிலைக்கு வரும், அதற்கு முன் பார்த்துப் பயனில்லை. அடுத்த வேளைக்குச் சற்று முன் ரத்தம் எடுக்க வேண்டும். பிராண்ட் மாறினாலும், வேறு மருந்து சேர்ந்தாலும் திரும்பப் பாருங்கள். எல்லா லேபிலும் இந்தப் பரிசோதனை இருக்காது, பெரிய ஊருக்கு அனுப்புவார்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை முடிவாகியிருந்தாலும், அதுவரை ஒரு வேளையும் குறையக் கூடாது. தொற்றில்லாமல் அந்த நாளை அடைவது சிகிச்சையின் பாதி. பணம் என்று தயங்குபவர்கள், அரிய நோய்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையில் சி.ஜி.டி. முதல் பிரிவில் இருப்பதையும், அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்கலாம் என்பதையும் டாக்டரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

12. பிள்ளையிடம் ஒப்படைப்பது

இதை 10 வயது வாக்கில் தொடங்கிவிடலாம். மருந்தின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு எதற்கு என்று சொல்லச் சொல்லுங்கள். அதன்பின் ஏழு நாள் பெட்டியை அவனே நிரப்பட்டும், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எண்ணிப் பாருங்கள். விடுதிக்கோ கல்லூரிக்கோ போகும் வயதில் திடீரென்று கொடுத்தால் மருந்துதான் முதலில் நிற்கும்.

என் மகன் இந்த வருடம் மருந்துக்கடைக்குத் தானே போனான். கடைக்காரர் வேறு பிராண்டை நீட்டியிருக்கிறார். "இது வேண்டாம் அண்ணா, பழசுதான் வேணும், நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தான். வீட்டில் இரண்டு வாரத்துக்கான மருந்து இருந்தது.